கொடைக்கானலுக்கு இரண்டு பேர்

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போனது கிடையாது. முந்தின நாள் ரிசப்ஷனுக்கு அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். மறுநாள் காலையில் தாலிகட்டுக்கு நான் போவேன். எங்களை வெவ்வேறு குடும்பம் என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் கடை. முத்தையாபுரத்தில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. உப்பளத்துக்குப் போகிறவர்களும் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்களும் விடிவதற்கு முன்பே வந்து நிற்கிற கடை. ஒருவர் வெளியே போனால் மற்றவர் கல்லாவில் இருந்தாக வேண்டும். மகள் கல்யாணத்தன்று மட்டும் கொழுந்தனார் கல்லாவில் உட்கார்ந்தார். அவரும் இப்போது சென்னையில் தனிக்கடை போட்டுவிட்டார்.

போன ஆவணியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகளும் மருமகனும் கொடைக்கானல் போய்வந்து போனில் படம் காட்டினார்கள். இந்தப் பக்கத்து வெயில் தாங்காமல் வெள்ளைக்காரப் பாதிரிமார் மலையேறிப் போய் உண்டாக்கின ஊராம். கருங்கல்லில் கட்டின பழைய சர்ச், புகைபோக்கி வைத்த ஓட்டு வீடுகள், யாரோ ஒரு கலெக்டர் உண்டாக்கின ஏரி. எனக்கு வயிறு எரிந்தது. அவர்களுக்கு மட்டும்தான் வேர்க்குமா? நமக்கெல்லாம் வேர்க்காதா? அன்றைக்கு மத்தியானம் சோறு போடும்போதே சொல்லிவிட்டேன்.

"வார சனி, ஞாயிறு நீங்களும் நானும் கொடைக்கானல் போறோம்."

"நீ மக கூடப் போயிட்டு வாயேன். கடைய நான் பாத்துக்கிடுதேன்."

"மக கூடப் போகத் தெரியாமலா உங்ககிட்ட கேக்கேன்? நீங்க தலைகீழா நின்னாலும் சரி, இந்தத் தடவ ரெண்டு பேரும்தான்."

அதற்குப் பிறகு நாளுக்கொரு சாக்கு. மலைப்பாதையில் மண் சரிந்திருக்கும் என்றார். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தேன், ஒன்றும் சரியவில்லை. இ-பாஸ் வாங்க வேண்டுமாம் என்றார். அது காரில் போகிற சீமான்களுக்கு, பஸ்ஸில் போகிற நமக்கு வேண்டாம் என்றேன். ரூம் கிடைக்காது என்றார். மகள் போனிலேயே போட்டுக் கொடுத்துவிட்டாள். குளிர் சேராது என்றார். ஜவுளிக்கடையில் கேட்டால் தூத்துக்குடியில் ஸ்வெட்டரா என்று சிரித்தார்கள். விடுவேனா, பஜார் முழுக்க அலைந்து மேல் அட்டத்தில் தூசி பிடித்துக் கிடந்த குரங்குக் குல்லா ஒன்றை இறக்க வைத்து வாங்கி வந்தேன். கடைசியில் எலியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாள் ஆள் இல்லன்னா எலி மூட்டையெல்லாம் பிச்சிரும்ளா."

"ஆள் இருக்கும்போதே அது பிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. நம்மளப் பாத்தா அது பயப்படுது?"

ஒருவழியாகச் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. யாரிடமும் சொல்லக் கூடாது.

"கடை இல்லன்னு நம்ம வாயால சொல்லப்பிடாது. சொன்னா எல்லாவனும் வேற கடையத் தேடிக்கிடுவான். பொறவு இங்கன எவன் வாரான்?"

வியாபார வீட்டில் பிறந்தவளுக்கு இது புரியாமல் இல்லை. சரக்கு தீர்ந்து போனால்கூட 'இல்லை' என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது, நாளைக்கு வரும் என்போம். போனால் போதும் என்ற ஆசையில் நானும் தலையாட்டினேன். அங்கேதான் இரண்டு பேருமே கோட்டை விட்டோம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மதுரை பஸ். அங்கே இறங்கி மலை பஸ் ஏறுவதாகத் திட்டம். எங்கள் வீடு கடைக்குப் பின்தெருவில். விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கப் போக வேண்டிய நேரத்தில் அவர் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் இரங்கவில்லை. எட்டு மணிக்குள் குளித்து, சாப்பிட்டு, பையைக் கட்டிவிட்டேன். அவர் சும்மா இருக்க முடியாமல், போட்டுப் பழகிக்கிடுதேன் என்று குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டார். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் சத்தம் கேட்டது. அவரே போய்க் கதவைத் திறந்தார்.

எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறவர் கையில் பெரிய ரோஜா மாலையோடு நின்றார். அவருக்குப் பின்னால் தோளில் துண்டு போட்ட ஆண்கள், வேலைக்குப் போகாமல் திரும்பி வந்த உப்பளத்துப் பெண்கள். தெரு பாதி நிறைந்திருந்தது. டீக்கடைக்காரர் குல்லாவுக்குள் இருப்பது யாரென்று தெரியாமல், வெளியூர்ச் சொந்தக்காரர் என்று எண்ணி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருங்க? அண்ணாச்சியா, அக்காவா? எப்ப எடுக்காவ?"

"எத எடுக்கணும்?" என்றார் இவர்.

பையோடு பின்னாலேயே வந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் தெருவில் ஒரு சாவு என்றால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பார்கள். முழுதாக இறக்கினால் கடைக்காரர் வீட்டிலேயே சாவு. மாமனார், மாமியார் போனபோது தவிர எங்கள் ஷட்டர் பகலில் முழுதாக இறங்கியதே இல்லை. இன்றைக்கு இறங்கிக் கிடக்கிறது. வீட்டில் மிச்சம் இருப்பதோ இரண்டே பேர்.

என்னைப் பார்த்ததும் ஓர் உப்பளத்துப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நல்லா இருக்கியளா! அப்ப அண்ணாச்சிதானா?" என்று ஓவென்று அழுதாள். இவர் குல்லாவை உருவி எறிந்தார். "ஏ, நான் இருக்கேன்! இங்கன முழுசா நிக்கேன், பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டீக்கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய் உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏளா, வேண்டாம். வாசலுக்கு மாலை வந்துட்டு. சகுனம் சரியில்ல. சாவியக் கொண்டா, கடையத் தொறக்கேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"ஆமா, வந்துட்டு. இந்தக் கடை அடைக்கணும்னா நம்மள்ல ஒருத்தர் சாகணும்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல. சரி, அப்படியே இருப்போம். ஒரு நாளைக்கு நீங்களோ நானோ போயிருவோம். அன்னைக்கு நல்லா லீவு கிடைக்கும். மிச்சம் இருக்க ஆளு யாரு கூடங்க கொடைக்கானல் போறது?"

கோபத்தில் தொடங்கினேன், அழுகையில் வந்து நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். ஆக, திறக்கத்தான் போகிறார். நான் விடுவதாக இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன், தனியாகவாவது பஸ் ஏறிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். கூட்டமும் எங்கள் பின்னால் வந்தது. கடை முன்னால் போய் நின்றவர் சாவியை டீக்கடைக்காரர் கையில் கொடுத்தார். பத்திரமா வையும் என்றார். பக்கத்துத் தையல்காரரிடம் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியைக் கேட்டு வாங்கினார். ஷட்டரில் குனிந்து, விலைப் பலகையில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதியதை டீக்கடைக்காரர் சத்தமாக வாசித்தார்.

"நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அதனால் கடை இரண்டு நாள் இல்லை."