தண்ணீர்க் காவல்

எட்டு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. ஒன்றரை நாள்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பொறுப்புகளை எத்தனையோ பேர் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒன்றையாவது அவ்வளவு ஒழுங்காக நான் செய்ததில்லை. என் தம்பியின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த உத்தியோகம்.

நியமித்தவர் பெரியம்மா. அம்மாவின் தமக்கை, புருஷனை இழந்தவர், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். எங்களைப் பெற்ற ஐயா தெற்கே சுருட்டுக்கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு தடவை ஒரு பெட்டி நிறையச் சாமானோடு வந்து, பெட்டி வெறுமையானதும் போய்விடுவார். ஆகவே வீட்டு ராச்சியம் முழுவதும் பெரியம்மாவுடையது. சின்ன வயதில் அம்மாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். அம்மாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் அந்த வேலையை அவர் நிறுத்தவில்லை. உலையில் எத்தனை சுண்டு அரிசி போடுவது, எந்த நாளில் தலை முழுகுவது, எல்லாவற்றுக்கும் அக்கா சொன்னால் சொன்னதுதான். அம்மாவும் "ஓம் அக்கா" என்று சொல்லியே பழகிவிட்டார்.

பெரியம்மாவின் உயிர் என் தம்பியிடம் இருந்தது. மூன்று வயதுப் பயல். அவன் விழுந்தால் நிலத்துக்கு அடி விழும். அவன் சோறு தின்னாவிட்டால் எனக்கு அடி விழும். எனக்கு அவன்மேல் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. இப்போது சொல்வதற்கென்ன.

அது வைகாசி மாதம். வெயில் காய்ந்து வேலியில் கிளுவை இலைகூடச் சுருண்டுபோயிருந்தது. வீட்டில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவிந்து கிடந்தது. ஒருநாள் மத்தியானம் தம்பிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று நான் விரல் மடக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு கையும் முடிந்ததும் விட்டுவிட்டேன். பச்சைத் தண்ணீராகவே போனது. இடையில் இரண்டு தரம் சத்தியும் எடுத்தான், தின்ற மாம்பழமெல்லாம் வெளியே வந்தது.

"மாம்பழம்தான். அதோடை ஆரோ கண்ணூறும் பட்டிருக்கு" என்றார் பெரியம்மா. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி உயரப் பலகையில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி ஒரு சொட்டும் குடுக்கப்படாது, பிள்ளை. ஓட்டைக் குடத்துக்கை வாக்க வாக்க ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாக்கிறதை நிப்பாட்டினால் ஓட்டமும் நிக்கும்."

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. வயிற்றோட்டம் என்றால் முதலில் நிறுத்துவது தண்ணீரைத்தான். பெரியம்மா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாய் மனம் இளகிவிடும் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் காவல். அவன் அழுதாலும் குடுக்கப்படாது. கொம்மா குடுத்தாலும் எனக்கு வந்து சொல்லவேணும்."

எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாய்மேலேயே அதிகாரம் கொடுத்தால் எப்படியிருக்கும். நான் தம்பியின் பாயருகில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன், ஊருக்கே அதிகாரியான விதானையார்கூட என்னிடம் தோற்றுப்போவார் என்கிற மாதிரி.

"அக்கா, விடாய்க்குது" என்றான் அவன்.

"விடாய்க்கட்டும்" என்றேன் நான்.

அன்று பின்னேரம் முழுவதும் இதே கதைதான். தண்ணி, தண்ணி, தண்ணி. நாக்கை நீட்டி உதட்டை நக்குவான். நாக்கில் ஈரமில்லை. அழுவான், ஆனால் கண்ணில் ஒரு துளி வராது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன், அவன் கள்ள அழுகை அழுகிறான், கண்ணீரே இல்லை என்று. பெரியம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். அடுத்த நாள் காலை இன்னொரு நல்ல செய்தி கொண்டுபோனேன். தினமும் பாயை நனைக்கிறவன் அன்று நனைக்கவில்லை. பாய் காய்ந்த ஓலையாகக் கிடந்தது. கடைசியில் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசும். அம்மா கிணற்றடியிலிருந்து வந்தவர், குனிந்து தம்பியின் முகத்தைத் துடைக்கிறமாதிரிச் சேலைத் தலைப்பை அவன் வாயில் வைத்தார். தலைப்பு நனைந்திருந்தது. அவன் அதைப் பிடித்துக் கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சினான். அம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நேரே அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன்.

பெரியம்மா வந்து சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. "பிள்ளையைக் கொல்லப் போறியோ, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். அம்மா தலைப்பைப் பிழிந்தார். நிலத்தில் விழுந்த நாலைந்து துளியைத் தம்பி பார்த்துக்கொண்டு கிடந்தான். எனக்கு அன்றைக்கு ஒரு துண்டு பனங்கட்டி கிடைத்தது, உண்மை சொன்னதற்கு.

மத்தியானமாகும்போது தம்பி தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டான். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. கூப்பிட்டால் பாதி திறந்து பார்ப்பான், பிறகு மூடிக்கொள்வான். கை கால் குளிர்ந்திருந்தது, அந்த வெயிலில். பொழுது போகாமல் நான் அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளியபடியே மடிப்பாக நின்றது. என் வயிற்றில் கிள்ளிப் பார்த்தேன், உடனே போய்விட்டது. இது எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா பார்த்தார். குனிந்து தானும் ஒருதரம் கிள்ளிப் பார்த்தார். எழுந்தார். கலைந்த தலையை முடியவில்லை, வேறு சேலை உடுக்கவில்லை. வெறுங்காலோடு படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கிவிட்டார். பட்டப்பகலில் தனியே கடைத்தெருப் பக்கம்கூடப் போகாதவர் என் அம்மா. "எங்கை போறாய்?" என்று பெரியம்மா கேட்டதற்கு அவர் "ஓம் அக்கா" என்று சொல்லவில்லை.

மருதனார்மடச் சந்திக்கு அந்தப் பக்கம் இருந்த பரியாரியாரை ஏற்றிக்கொண்டு ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டியில் திரும்பி வந்தார். பரியாரியார் எழுபது வயது மனிதர், நாட்டு வைத்தியம், வாய்க்குள் எப்போதும் வெற்றிலை. கோபக்காரர் என்று பெயர். வந்தவர் தம்பியின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தார். வயிற்றைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், என்னைப் போலவே. பிறகு பொதுவாகக் கேட்டார்:

"சலம் எப்ப கடைசியாய்ப் போனது?"

பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காவலுக்கு இருந்தவளுக்குத்தானே மூத்திரக் கணக்கும் தெரியும். நான் முன்னுக்கு வந்து சொன்னேன்:

"நேற்று மத்தியானம். அதுக்குப் பிறகு ஒருக்காலும் இல்லை. பாயும் நனைக்கேல்லை, அழுதாலும் கண்ணீர் இல்லை. நல்ல பிள்ளையாய்க் கிடக்கிறான்."

பரியாரியார் என்னைப் பார்த்த பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் இன்னொன்றையும் அவிழ்த்துவிட்டேன். முந்தாநாள் கிணற்றடியில் மாடு குடிக்கிற தொட்டியில் அவன் வாயை வைத்துக் குடித்ததை நான் பார்த்தேன். யாரும் கேட்காதபடியால் சொல்லவில்லை.

"தண்ணி என்ன குடுத்தனியள்?" என்று அவர் கேட்டார்.

பெரியம்மா ஓட்டைக் குடத்தின் நியாயத்தைச் சொன்னார். மரியாதையாக, தெளிவாகச் சொன்னார். பரியாரியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"நிக்கும் பிள்ளை, ஆர் இல்லை எண்டது. குடம் வெறுமையாய்ப் போனால் ஓட்டம் தன்பாட்டிலை நிக்கும். இவன்ரை குடத்திலை இப்ப அடிமண்டிதான் கிடக்கு. போறதை மறிக்கேலாது. போற அளவுக்கு வாத்துக்கொண்டிருக்கவேணும்."

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ஒரு பிடி அரிசியைக் குழையக் குழைய அவித்துக் கஞ்சித் தண்ணீரை வடிக்கச் சொன்னார். இரண்டு விரலால் கிள்ளி உப்பு. "கண்ணீரிலும் பாக்கக் கரிச்சால் அதைக் கொட்டிப்போட்டு வேறை வை" என்றார். அளவு பார்க்க அம்மா எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கன்னத்தை ஒரு விரலால் துடைத்து நாக்கில் வைத்தார், பிறகு கஞ்சியை நாக்கில் வைத்தார், தலையாட்டினார்.

"மடக்கு மடக்காய்ப் பருக்காதை, சத்தி எடுப்பன். பாலூட்டுற சங்காலை சொட்டுச் சொட்டாய் விடு. எடுத்தாலும் பயப்பிடாதை. ஒரு வாய் வெத்திலை சப்பி முடியிற நேரம் பொறுத்துப்போட்டுத் திரும்பக் குடு. ஒவ்வொருக்கால் போகேக்கையும் ஒரு கிண்ணம் உள்ளை போகவேணும். குடிக்கிற தண்ணியை இனிமேல் கொதிக்க வைச்சு மூடு. பொழுதுபடுகிறதுக்குள்ளை சலம் போகாட்டில் உந்த வண்டியிலையே ஆசுப்பத்திரிக்கு ஏத்துவம். அதுவரைக்கும் நானும் உதிலைதான் இருப்பன்."

சொன்னபடி முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே சால்வையை விரித்து உட்கார்ந்துகொண்டார். வண்டிக்காரனும் மாட்டை அவிழ்க்கவில்லை.

அம்மா சங்கை எடுத்தார். அவசரத்தில் கஞ்சி தம்பியின் காதுக்குள் போனது. இரண்டாவது தரமும் அப்படித்தான்.

"இஞ்சை கொண்டா" என்றார் பெரியம்மா.

அம்மா கொடுக்கவில்லை. அதுவரைக்கும் அக்கா கேட்ட எதையும் அம்மா கொடுக்காமல் விட்டதை நான் கண்டதில்லை. பெரியம்மா கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில், "தா தங்கச்சி. கையெடுத்துக் கும்பிடுறன்" என்றார். அம்மா கொடுத்தார்.

பெரியம்மா தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு தொடங்கினார். முதல் சங்கு அப்படியே வெளியே வந்தது. பொறுத்தார். திரும்பத் தொடங்கினார். ஒரு சொட்டு, அவன் தொண்டை ஏறி இறங்கும்வரை பார்ப்பார், பிறகு அடுத்த சொட்டு. அவர் எழும்பவில்லை, முதுகு சாய்க்கவில்லை, தானும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் மெல்ல அருகில் வந்து குந்தினேன். என் உத்தியோகம் போய்விட்டது என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது. ஒன்றரை நாள் கண்ணும் கருத்துமாகக் காத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

வெயில் சாய்ந்தபோது தம்பி கண்ணைத் திறந்து சங்கைத் தானே பிடித்து இழுத்தான். போதாது என்று அழுதான். இந்தத் தடவை கண்ணீர் வந்தது. சற்று நேரத்தில் பெரியம்மாவின் சேலை நனைந்தது. அம்மா அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு ஓடினார். பரியாரியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விடியுமட்டும் விடாமல் கொடுக்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். சேலையை நனைக்கிற காரியத்தை நான் செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இவனுக்கு மட்டும் ஆளுக்காள் கொஞ்சல்.

அம்மா பரியாரியாரை வழியனுப்பப் படலைக்குப் போனார். நானும் பெரியம்மாவும் தனியே இருந்தோம். அவர் சங்கில் கஞ்சி வார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

"என்ரை பெடியனும் உப்பிடித்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவன்."

பெரியம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"எவ்வளவு வயசு?" என்று கேட்டேன்.

"இவனளவுதான். அவனுக்கும் வயித்தாலை போனது. இரண்டு நாள் தண்ணி தண்ணி எண்டு கேட்டான். மூண்டாம் நாள் கேக்கேல்லை."

"நீங்கள் குடுக்கேல்லையோ?"

"குடுக்கப்படாது எண்டு பெரியாக்கள் சொன்னவை. நான்தான் பக்கத்திலை இருந்து காத்தனான்."

அன்றைய பின்னேரம் முழுவதும் பரியாரியார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தேன். வரி பிசகாமல் எனக்குப் பாடம். கேள்வி கேட்கும் வாத்தியாருக்குச் சொல்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"பிழை, பெரியம்மா. குடுத்திருக்கவேணும். கொஞ்சங் கொஞ்சமாய்க் குடுத்திருந்தால் அவனும் பிழைச்சிருப்பான்."

பெரியம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு தம்பியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை விட்டார்.

"ஓம் மோனை. பிழைச்சிருப்பான்" என்றார்.

சரியான விடை சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நான் எழுந்து முற்றத்துக்கு விளையாடப் போனேன்.