படிவத்தில் எழுதாத பெயர்

போன வாரம் என் மகள் தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஏதோ புதுக் கண்டுபிடிப்புப் போட்டியாம். பொருளைச் செய்வதற்கு முன்னால் படிவம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வியே, ‘நீ தீர்க்க நினைக்கும் பிரச்சனை என்ன? தெளிவாக எழுது’ என்று இருந்தது. அதற்குக் கீழே உருண்டை உருண்டையாக எழுதியிருந்தாள்: ‘மழை பெய்தால் சைக்கிள் ஸ்டாண்டில் தண்ணீர் தேங்குகிறது.’

“தேங்கட்டுமே. அதனால யாருக்கு என்ன?” என்றேன்.

“என்னப்பா இப்படிக் கேக்கீங்க? மிஸ் தெளிவா எழுதச் சொன்னாங்க. தெளிவாத்தான இருக்கு?”

அடுப்படியிலிருந்து என் மனைவி மாரி எட்டிப் பார்த்தாள். “யாருகிட்ட கேக்கா பாரு! பிரச்சனையை எழுதிப் பரிசே வாங்குன ஆளு அவிய” என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

அந்தப் பரிசின் கதையைத்தான் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் நாளைக்கு இப்படி ஒரு தாளை நிரப்பத்தானே போகிறீர்கள்.

தர்ஷினியின் தாளில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. தலையணை எங்காவது கிழிந்திருக்கும். எனக்குப் பஞ்சைக் கண்டாலே மில் வாசனை வந்துவிடும். மெஷின் ஆயிலும் ஈரப் பஞ்சும் சூடேறிய பெல்ட்டும் கலந்த வாசனை அது. கல்யாணமான புதிதில் நானும் மாரியும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில் வேனில் ஏறி ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லுக்குப் போவோம். நான் மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர். பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஸ்பேனரைத் தவிர வேறெதையும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது, பேனாவையும் சேர்த்துத்தான். அவளுக்கு, மெஷின் ஓரமாக நாள் முழுக்க நடந்து, அறுந்த நூலை ஒட்டுகிற வேலை.

மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. எல்லாம் கைச்சாடைதான். ஏதாவது கோளாறு என்றால் மற்றப் பெண்கள் என்னைத் தேடி நடந்து வருவார்கள். மாரி வரமாட்டாள். நின்ற இடத்திலிருந்தே, கோவில் பொங்கலுக்குப் போடுவதுபோல நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவாள். ஷெட்டின் மறுகோடியில் குனிந்திருக்கும் எனக்கு அது அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கேட்கும். எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி உடனே என் முதுகில் தட்டுவார்.

“ஏலே, ஒம் பொண்டாட்டி மெஷினுக்குப் பொங்கல் வச்சிட்டா. ஓடு, ஓடு!”

மெஷினிலிருந்து பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்குப் புருவம்கூட நரைத்திருக்கும். அதைச் சொல்லிச் சிரித்த நாட்களும் உண்டு. மாரிக்கு இருமல் தொடங்கிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கழித்துப்போட்ட ஒரு மின்விசிறி மோட்டாரையும் பெரிய எண்ணெய் டின்னையும் வைத்து, தூசியை உறிஞ்சி ஒரு பைக்குள் தள்ளுகிற பெட்டி ஒன்றைச் செய்தேன். பை, மாரியின் பழைய உள்பாவாடையில் தைத்தது. இதை ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளுடைய மெஷினுக்கு அடியில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அன்றைக்கு வேனில் வீடு வந்து சேரும்வரை அவள் இருமவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மில்லில் அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். புது யோசனை வைத்திருக்கும் தொழிலாளர்கள் படிவம் எழுதிக் கொடுக்கலாம். முதல் கேள்வி அங்கேயும் அதேதான்: பிரச்சனை என்ன? நான் எழுதினேன்: ‘என் மனைவி மாரிக்கும் அவளுடன் வேலை செய்யும் பெண்களுக்கும் பஞ்சுத் தூசி மூச்சில் போய் இருமல் வருகிறது.’

மேஸ்திரி அண்ணாச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

“கிறுக்குப் பயலே, இதைப் படிச்சதும் மேல உள்ளவிய பெட்டியவா பாப்பாக? இருமுதவ யாரு, அவளை மொதல்ல நிப்பாட்டுன்னுதான் சொல்லுவாக. நூலைப் பத்தி எழுதுலே. நூலுன்னாத்தான் அவியளுக்குக் காது கேக்கும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வேறு படிவம் வாங்கி எழுதினேன்: ‘பறக்கும் பஞ்சு நூலில் விழுந்து நூல் கெடுகிறது.’ எழுதிவிட்டு நாலு தடவை படித்துப் பார்த்தேன். எம்புட்டுத் தெளிவு! என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கச்சிதமாக வேறெதையும் எழுதியதில்லை.

மேலே எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். என் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். படிவத்தைப் படித்தார். “பஞ்சு நூல்ல விழக்கூடாது, அவ்வளவுதானே? அதுக்குப் பெட்டி எதுக்கு, பை எதுக்கு? மேலேருந்து காத்தடிச்சு நூல் பக்கம் வராமத் தள்ளிவிட்டாப் போதும்” என்றார். குழாய்கள் வந்து இறங்கின. அவற்றை ஏணியில் ஏறி, ஒவ்வொரு நட்டாக முறுக்கி மாட்டியவன் நான்தான்.

நூல் சுத்தமாக வந்தது. தள்ளிவிட்ட பஞ்சு முழுவதும் பெண்கள் நடக்கிற பாதையில் வந்து, அவர்கள் முகத்தில் அடித்தது.

இன்ஜினியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “சார், காத்து ஆளுக மேல அடிக்குது சார்.”

அவர் கோபப்படவில்லை. கோப்பிலிருந்து என் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். “நீங்க எழுதினதுதானே? இதுல ஆளு எங்க இருக்கு, காட்டுங்க.”

இல்லை. நான்தான் எடுத்துவிட்டேனே. அந்த மாதமே எல்லோரையும் நிற்கவைத்து, கைதட்டி, எனக்கு ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கொடுத்தார்கள். மாரியும் தட்டினாள். வேனில் வரும்போதுதான் கேட்டாள்.

“எம் பேரை ஏன் எழுதல?”

“ஒன்னை வேலையவிட்டு நிப்பாட்டிருவாகன்னு பயந்துட்டேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலையிலிருந்து அவளை யாரும் நிறுத்தவில்லை. நாலு வருஷம் அந்தக் காற்றில் நடந்துவிட்டு, மாடிப்படி ஏற முடியாமல் போனதும் அவளே நின்றுகொண்டாள். மில்லை இப்போது மூடிவிட்டார்கள். என் பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. தாம்பாளம் மட்டும் வீட்டில் இருக்கிறது, குழம்புச் சட்டிக்கு மூடியாக.

தாளோடு நின்ற தர்ஷினியிடம், “தண்ணியில யாரு விழுந்தா, அதைச் சொல்லு” என்றேன்.

“எங்க கிளாஸ் ஷாலுப்பா. வழுக்கி விழுந்து முன்பல்லு போச்சு.”

“அவ பேரை எழுது. பல்லையும் எழுது. அந்தப் பேரை அடிச்சிருன்னு யாரு சொன்னாலும் அடிக்காத.”

இந்த ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். ஆற்றோரமாக மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். பால் பொங்கி வழிந்ததும் சுற்றியிருந்த பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். மாரியும் வாயருகே கையைக் கொண்டுபோனாள். நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை, இருமல்தான் வந்தது. கையை இறக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

தர்ஷினி அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “ஏம்மா, ஒனக்குக் குலவை போடத் தெரியாதா?”

நான் குனிந்து அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டேன்.