சமையல் மேடையின் உயரம்

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பாதத்தில் வந்த சிறிய புண் ஆறாமல் கருத்துப் போய், இனி எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லி, எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோய் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு உண்டு. ஆனால் கால் போனது என்னோடுதான் தொடங்கியது.

எங்கள் வீடு கோலசிலாங்கூருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களுக்காகக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். பின்னால் இன்னும் செம்பனை மரங்கள்தான். மண் சதுப்பு. வீடு கட்டிய பிறகும் மண் இறங்கிக்கொண்டே இருக்கும். எல்லா வீட்டு வாசலிலும் தரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு விரிசல் உண்டு.

கார் நின்றதும் வாசலில் புதிதாக ஒரு சிமெண்டுச் சரிவைப் பார்த்தேன். படி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், விளிம்பு நெளிநெளியாக.

"நானே போட்டேன்" என்றார் என் கணவர். அவர் லோரி ஓட்டுபவர். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போவார். எங்களுக்குக் கல்யாணமான நாள் முதல் அவர் ஒரு ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. அடைத்துக்கொண்ட குழாயைக்கூட நான்தான் கழற்றுவேன். சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த அவர் கைகளைப் பார்த்தேன். சிமெண்டு அரித்து விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

சரிவு மிகவும் செங்குத்து. பாதி ஏறியதும் நாற்காலி பின்னால் இழுத்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்து பிடித்தார்கள். "பெலான்-பெலான், காக்" என்று அந்த அம்மாள் என் தோளைத் தாங்கிக்கொண்டார். மெதுவாக, மெதுவாக, அக்கா. நான்கு பேர் பார்க்க என்னை ஒரு மூட்டையைப்போல உள்ளே தள்ளினார்கள்.

குளியலறையில் கதவு இல்லை. நாற்காலி நுழையாது என்று கழற்றிவிட்டுத் திரைச்சீலை மாட்டியிருந்தார். குந்தி உட்காரும் கழிப்பிடத்தை எடுத்துவிட்டு உட்காரும் கோப்பை வைத்திருந்தார்கள். அதற்கு மட்டும் வேலை தெரிந்த ஆள் ஒருவரை வைத்ததாகச் சொன்னார். பக்கத்துச் சுவரில் பளபளவென்று ஒரு கைப்பிடிக் கம்பி.

"பாத்தியா? ஹாட்வேர் கடை சீனன்கிட்ட கேட்டு வாங்குனது. எவ்ளோ கனமா இருக்கு பாரு."

நான் தலையாட்டினேன். பிறகு அவர் நாற்காலியைச் சமையலறைக்குத் தள்ளினார்.

என் சமையல் மேடை அங்கே இல்லை. செங்கல் கால்களின் மேல் சிமெண்டுப் பலகை வைத்து, வெள்ளை ஓடு பதித்த மேடை அது. அதை உடைத்துப் போட்டுவிட்டு, என் முட்டி நுழையும் உயரத்தில் மரச்சட்டம் அடித்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் அடுப்பை வைத்திருந்தார். மசாலா டப்பாக்கள் இருந்த அலமாரியும் கீழே இறங்கியிருந்தது. எல்லாம் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு எட்டும்படி.

"ஒக்காந்தே சமைக்கலாம் புள்ள" என்றார்.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தவள். பொட்டலங்கள் வரும் வரிசையில் காலையிலிருந்து மாலை வரை நின்றபடி செய்யும் வேலை. வீட்டுக்கு வந்தும் நின்றுதான் சமைப்பேன். ஆஸ்பத்திரியில் காயம் ஆறியதும் வேறு கால் பொருத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை நாள் படுத்துக் கிடந்தேன். அந்தத் தாழ்ந்த அடுப்பைப் பார்த்ததும், இனி நீ எழுந்திருக்கவே போவதில்லை என்று யாரோ என் முகத்துக்கு நேராகச் சொன்னதுபோல இருந்தது.

"எனக்கு வேற கால் போடுவாங்கன்னு டாக்டர் சொன்னாரே" என்றேன்.

"அது எப்பவோ லா. அதுவரைக்கும்..."

"என்ன ரூமுக்குக் கொண்டு போங்க."

அதன் பிறகு நான் சமையலறைக்குப் போகவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும். நான் கத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். எங்கள் மகள் ஷா ஆலாமில் வேலை செய்கிறாள். அவள் வந்த நாட்களில் சமைத்தாள். மற்ற நாட்களில் அவரே சமைத்தார். அவர் நல்ல உயரம். எனக்காகப் போட்ட மேடையில் அவர் இடுப்பை ஒடித்துக் குனிந்து ரசம் கொதிக்க வைப்பதை அறையிலிருந்து பார்ப்பேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு மறுபடியும் குனிவார். எனக்குப் பாவமாக இருக்கும். இருந்தும் வாய் திறக்கமாட்டேன்.

ஒரு காலைப் பொழுதில் அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் குளியலறைக்குப் போனேன். கம்பியைப் பிடித்து எழுந்திருக்க அதற்குள் பழகியிருந்தேன். அன்றும் பிடித்து உடம்பை ஊன்றினேன். சுவரில் ஏதோ உதிரும் சத்தம். கம்பி என் கையோடு வந்துவிட்டது.

ஈரத் தரையில் இடுப்பு அடிபட விழுந்தேன். வெட்டிய காலின் முனை தரையில் மோதியது. அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. கண் தெளிந்து பார்த்தபோது கம்பி இன்னும் என் கையில்தான் இருந்தது. கட்டுத் துணியில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்க யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் கார் இல்லாததை முன்பே பார்த்திருந்தேன். முழங்கைகளை ஊன்றி ஊர்ந்து கூடத்துக்கு வந்து, அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் துணிமேல் கிடந்த கைபேசியைத் துணியோடு இழுத்துக் கீழே தள்ளி எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

அவர் லோரியோடே வந்தார். ஏற்றிய குலைகளை இறக்காமல், ஆலைக்குப் போகாமல், வரிசை முனையில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். என்னைத் தூக்கினார். கிளினிக்கில் கட்டுப் பிரித்தபோது காயம் திறந்திருந்தது. புதிதாகத் தைத்தார்கள். கால் பொருத்துவதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் இது ஆறட்டும் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டார். கம்பி பிடுங்கிக்கொண்ட இடத்தில் நான்கு ஓட்டைகள். அதற்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். வெளியே வரவே இல்லை. நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போனேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நான்தான் ஒன்ன விழ வெச்சேன்" என்றார்.

"ஏங்க இதெல்லாம் நீங்களா செஞ்சீங்க? ஒங்களுக்குத்தான் தெரியாதே."

"ஆஸ்பத்திரில நான் என்னா செய்யறது? நர்சு வராங்க, டாக்டர் வராரு. நான் சும்மா ஒக்காந்திருக்கேன். வீட்டுக்கு வந்தா நீ இல்ல. சுத்தியல எடுத்து ஒடச்சாதான் கொஞ்சம் மூச்சு வருது."

"அடுப்ப எறக்கறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கேட்டேனே புள்ள. வீட்ட ஒனக்கேத்த மாதிரி மாத்தறேன், என்னா மாத்தணும்னு கேட்டேன். நீ சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்ட. அப்பறம் யார கேக்கறது?"

எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது நினைவில் இருந்தது. எத்தனையோ பேர் வந்து என்னவெல்லாமோ கேட்டிருப்பார்கள். அவர் கேட்டதும் அதில் ஒன்றாகப் போயிருக்கிறது. நான் கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார்.

காயத்தின் மேல் புதுத் தோல் கட்டத் தொடங்கியபின் அந்தச் சுவரைப் பார்த்தேன். மேல்பூச்சு தடிமனாக இருந்தது. தட்டினால் சில இடங்களில் பொக்கென்று சத்தம். அவர் போட்ட திருகாணிகள் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குப் போகவே இல்லை. கைபேசியில் தேடியபோது, இப்படிப்பட்ட சுவருக்கு உள்ளே போய் விரிந்து கவ்விக்கொள்ளும் நீளமான போல்ட்டு வேண்டும் என்று ஒரு வீடியோவில் ஒருவர் விளக்கியிருந்தார். அதை வாங்கி வரச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் ட்ரில் மெசின் இருந்தது. இரவல் கேட்டதும் தானே துளை போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். நான் போடுகிறேன்" என்று மலாயில் சொன்னேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மெசினை என் மடியில் வைத்தார்.

முதலில் கோப்பையின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்திருக்கப்போகிறவள்போலக் கையைத் தூக்கினேன். கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். முன்பு கம்பி இருந்த இடத்தைவிட அது தாழ்வாகவும் முன்னாலும் இருந்தது. நான் நாற்காலிக்கு மாறியதும் பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். விசையை அழுத்தியதும் மெசின் துள்ளியது. பயந்து விட்டுவிட்டேன். இரண்டாம் முறை தோளோடு சேர்த்து அழுத்தினேன். வெள்ளைத் தூள் கொட்டியது. பூச்சு முடிந்து செங்கல்லைத் தொட்டதும் தூள் சிவப்பாக மாறியது. கை, தோள், முதுகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேலை செய்தன. காலை எடுத்ததிலிருந்து என் உடம்பில் மற்றவர்கள்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஊசி குத்தினார்கள், கட்டினார்கள், தூக்கினார்கள். அன்றைக்குத்தான் அந்த உடம்பு எனக்கு வேலை செய்தது.

போல்ட்டுகளை என் கணவர் முறுக்கினார். முடிந்ததும் என்னை விடாமல் அவரே கம்பியில் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகுதான் என்னைத் தொடவிட்டார்.

அதற்குள் வாசல் சரிவிலும் விரிசல் விட்டிருந்தது. சேற்றின் மேலேயே சிமெண்டைக் கொட்டியிருந்ததால் மழைக்கு மண் இறங்கி, சரிவு வீட்டை விட்டு விலகிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை இருவரும் வெளியே உட்கார்ந்து பேசினோம். நேராக வேண்டாம், சுவரை ஒட்டி நீளமாகப் போகட்டும் என்றேன். அப்படியென்றால் பூச்செடிகள் போய்விடுமே என்றார். போகட்டும் என்றேன். வீட்டுக்குப் பின்னால் என் பழைய மேடையின் செங்கல்லும் ஓடும் குவியலாகக் கிடந்தன. அதைச் சரிவுக்கு அடியில் போட்டுக் கெட்டிப்படுத்தச் சொன்னேன். அவர் கூடையில் கொண்டு வந்து கொட்டுவார். நான் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சுத்தியலால் நொறுக்குவேன். அந்த வெள்ளை ஓடுகளை உடைக்கும்போது மனசு கனத்துத்தான் இருந்தது. மகளை வயிற்றில் சுமந்துகொண்டு, அந்த ஓடுகளைத் தேர்ந்தெடுக்கப் பட்டணத்துக்குப் பேருந்தில் போனவள் நான். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் ஒடைக்கறேன், குடு" என்றார். கொடுக்கவில்லை.

சமையலறையைப் பற்றிக் கடைசியில் அவர்தான் பேச்செடுத்தார்.

"மறுபடியும் ஏத்திடட்டுமா?"

நான் யோசித்தேன். கால் எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதும் தெரியாது. "அடுப்பு மேல இருக்கட்டும்" என்றேன். "நின்னாதான் சட்டிக்குள்ள என்னா நடக்குதுன்னு தெரியும். வெட்டறது, அரிக்கறது கீழ இருக்கட்டும்."

"நீ நிக்கற வரைக்கும் அடுப்ப யாரு பாக்கறது?"

"ஒங்க ஒயரத்துக்குச் சரியா இருக்கும்ல. நீங்க சமைங்க."

அவர் சிரித்தார். அந்த வீட்டில் ரொம்ப நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. பாதி மேடை உயர்ந்தது. அவர் நிமிர்ந்து நின்று கிண்டுவார், நான் பக்கத்தில் தாழ்ந்த பலகையில் வெங்காயம் அரிவேன்.

கால் வந்தது. நினைத்ததுபோல இல்லை. முதலில் பொருத்தியது உரசிப் புண்ணாகி, திருப்பிக் கொடுத்து, வேறொன்று வந்தது. காலையில் ஒரு குழம்பு வைக்கும் நேரம் நிற்பேன். அதற்கு மேல் நின்றால் முனை வீங்கிவிடும். அப்போது நாற்காலிக்கு வந்துவிடுவேன். தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை.

போன ஆண்டு அடுத்த வரிசையில் ஒரு பெரியவருக்கு இரண்டு காலும் எடுத்துவிட்டார்கள். முன்பு தோட்டத்தில் குலை வெட்டியவர். அவர் மருமகள் வந்து, குளியலறையில் கம்பி போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். இப்போது எங்களிடமே ஒரு மெசின் இருக்கிறது. இருவரும் போனோம். மருமகள் நேராகக் குளியலறையைக் காட்டினாள். நான் பெரியவர் படுத்திருந்த கட்டிலுக்கு அருகில் நாற்காலியை நிறுத்தினேன்.

"ஐயா, கம்பி எங்க போடணும்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மருமகள், "அவர் யார்கிட்டயும் பேசறதில்லக்கா" என்றாள். என் கணவர் மெசினைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். நான் கட்டிலருகிலேயே இருந்தேன். மருமகள் தேநீர் கொண்டு வந்தாள். குடித்தோம். வெளியே லோரிகள் போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, திரும்பாமலே பெரியவர் கையை மட்டும் தூக்கிச் சன்னலைக் காட்டினார்.

"அங்க போடு."

"சன்னல்கிட்டயா?"

"புடிச்சி ஒக்காந்தா ரோடு தெரியும்."

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு, அவரைத் தூக்கி உட்கார வைக்கும்படி என் கணவரைக் கூப்பிட்டேன்.