மூன்றாவது பொட்டலம்

வெண்ணிலாவை எங்கள் ஊரில் அடங்காப்பிடாரி என்பார்கள். அவளுடைய சித்தி நான். நானே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். பழவேற்காட்டில் ஒரு கொட்டகையில் இறால் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. காலையில் எங்கள் தீவிலிருந்து படகேறிப் போவாள், சாயங்காலம் விரலெல்லாம் கீறலோடு வருவாள். இருபத்தாறு வயதாகியும் இப்படியே இருக்கிறாளே என்று யாராவது இழுத்தால், "உங்க வூட்டுச் சோத்தையா துன்னுக்கினு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

போன வருஷம் பிரவீன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு, கெட்ட பழக்கம் இல்லாத பையன். வெண்ணிலாவுக்கும் பிடித்திருந்தது. என்னிடம் தனியாகச் சொன்னாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆனால் கல்யாணம் பத்து நாளுக்குள் முடிய வேண்டும் என்றார்கள்.

அவசரத்துக்குக் காரணம் பழவேற்காடு ஏரிதான். இறால் நன்றாக விழுகிற இடங்களில் நினைத்தவன் நினைத்தபடி வலை கட்ட முடியாது, முறை வைத்துத்தான் போக வேண்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் ஊரில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பேர் எழுதிச் சீட்டுப் போடுவார்கள். கல்யாணம் ஆகாதவன் பேரை எழுத மாட்டார்கள். பேர் இல்லாதவன் அடுத்த சீட்டு வரைக்கும் இன்னொருத்தன் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான். அடுத்த சீட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பிரவீன் பேர் சேர வேண்டுமென்றால் அதற்குள் அவனுக்கு ஒரு பெண்டாட்டி வேண்டும்.

"எல்லையம்மனைக் கேக்காம நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் வெண்ணிலா. சரி என்று கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார் பூசாரி. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் பொறு. அக்கா சரோஜா, அதாவது வெண்ணிலாவின் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

எங்கள் அண்ணன் விஜயராகவன் விடுவாரா? "பூசாரி சரியா குலுக்கல. இன்னொரு தபா போடு" என்றார். மறுபடியும் சிவப்பு. "அக்காவுக்குக் கை நடுங்குது, நான் எடுக்கறேன்" என்று மூன்றாவது தடவை பொட்டலத்தை அவரே எடுத்தார். வெள்ளை! எல்லோரும் கை தட்டினோம். முதலில் தட்டியது நான்தான், ஒளிப்பானேன்.

வெண்ணிலா தட்டவில்லை. "ரெண்டு தபா சொன்னது யாருக்கும் கேக்கல, மூணாவது மட்டும் காதுல வுழுந்துச்சா? அம்மன் இன்னா சேலைக் கடையா வச்சிருக்கா, உங்களுக்குப் புடிச்ச கலரு வர்ற வரைக்கும் எடுத்து எடுத்துப் போட?"

"பத்து நாள்ல அவன் வேற பொண்ணப் பாத்துடுவான்டி!" என்று கத்தினார் அண்ணன்.

"பாக்கட்டும் மாமா. எனக்குன்னு அம்மன் வச்சிருந்தா நாள் தாண்டியும் வரும். பத்து நாள்ல கெட்டுப்போற மாப்புள்ள எனக்கு இன்னாத்துக்கு? நான் தரம் பிரிக்கிறவ."

ஐந்தாம் நாள், பிரவீனின் அம்மா சாமுண்டீஸ்வரி லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததாகச் செய்தி வந்தது. உடனே வெண்ணிலாவிடம் ஓடிப்போய், "வீம்பை வுடுடி, நல்ல பையன் கை நழுவிப் போறான்" என்றேன். அவள் அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

"எனக்கு மட்டும் பயமா இல்லியா சித்தி? பயமாத்தான் கீது. ஆனா பயந்துக்கினு கழுத்த நீட்டக் கூடாது. நேரம் வந்தா அம்மனே சொல்லுவா. நீங்க யாரும் அவளை வெரட்டாதீங்க."

சீட்டுப் போடுகிற நாளும் வந்தது. கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் ஓரமாக நின்றோம். அந்தக் கூட்டத்தில் பெண்கள் வாய் திறப்பதில்லை. ஊர்ப் பெரியவர் துளசிங்கம் ஒவ்வொரு பேராகப் படித்து, "பிரவீன், கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆவல. அம்மா பாத்த பொண்ண நான் வோணாம்னுட்டேன். வெண்ணிலா பொறுக்கச் சொல்லிக்கீது."

கூட்டம் சிரித்தது. துளசிங்கம் நல்ல மனுஷர், அவன் பிழைப்பைப் பற்றித்தான் யோசித்தார். "கோயில்ல மஞ்சக் கயிறு கீது. பொண்ணும் அதோ நிக்குது. இப்பவே கட்டுடா, பேரை எழுதிடறேன்."

ஒரே ஆரவாரம். அண்ணன் கயிறு எடுக்கக் கோயிலுக்குள் ஓடினார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் வெண்ணிலாவைப் பார்த்தேன். அவள் ஆண்கள் நடுவில் போய் நின்றாள்.

"நான் மாட்டேன். சீட்டுக்காக ஒரு பொண்டாட்டி வோணும்னா வேற யாரையாச்சும் கட்டிக்கட்டும். நான் தடுக்கல, சாபமும் வுடல. ஆனா அம்மன் பொறுன்னு சொல்லிக்கிறா, நான் பொறுப்பேன்."

"கேட்டியாடா?" என்றார் துளசிங்கம். "உன் மூணு வருசம் போயிடும். யோசிச்சுச் சொல்லு."

பிரவீன் யோசிக்கவில்லை. "எழுதாத மாமா. பாடு மூணு வருசத்துல திரும்ப வரும். இவ போனா வருவாளா?"

யாரும் சிரிக்கவில்லை. துளசிங்கம் அடுத்த பேரைப் படிக்கத் தாளைத் திருப்பினார். வெண்ணிலா வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. அம்மன் சந்நிதியைப் பார்த்துத் திரும்பி, அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்:

"இதுக்குத்தான் பொறுன்னியா தாயே?"