எனக்கு ஓட்டில்லாத தேர்தல்

எங்கள் தெருவில் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்காகக் கவலைப்படுகிறவள் நான் ஒருத்திதான். திருவொற்றியூரில் மற்றவர்களுக்குத் தேர்தல் என்றால் கவுன்சிலர், எம்.எல்.ஏ., அதை விட்டால் கம்பெனி யூனியன். எனக்கு மட்டும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, கடல் தாண்டி யாரோ இரண்டு பேர் மேடையில் மல்லுக்கட்டுவார்கள், இங்கே எனக்குத் தூக்கம் போய்விடும்.

இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் வேலை. ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வருகிற கிளெய்ம்களைச் சரிபார்க்கிற புரோகிராம்களை ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் எங்கள் கம்பெனி பராமரிக்கிறது. அதில் ரொம்பப் பழைய பகுதி என் தலையில். அது எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழியின் பெயர் கோபால், இங்கிலீஷில் COBOL. என் அம்மா ரொம்ப நாள் அதை என் மேலதிகாரியின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது விஷயம் தெரிந்த பிறகும், "இன்னாடி, உங்க கோபாலு இன்னும் ரிட்டையர் ஆவலியா?" என்று கிண்டல் செய்வார். ஆகவில்லை. அவனை ரிட்டையர் ஆக்க எத்தனையோ பேர் வந்து, அவர்கள்தான் ரிட்டையர் ஆனார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் அமெரிக்கத் தேர்தலின்போது, வேலையெல்லாம் அந்த நாட்டுக்கே திரும்பப் போகிறது என்று ஆபீஸ் கேன்டீனில் ஒப்பாரி வைத்தார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போனார்கள். நான் கோபால் படித்தேன். பழையது என்று யாரும் தொடாததைத் தொட்டால் நம்மை யாரும் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். இன்னொரு தேர்தலின்போது எனக்கு விசா வருவதாக இருந்தது. பாரிமுனையில் ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டேன். ஜெயித்தவர் என்ன சட்டம் போட்டாரோ, விசா வரவில்லை, ஸ்வெட்டர் பீரோவில் கிடக்கிறது. அந்த வருஷம் அழுதேன், மறைப்பானேன். அழுது முடித்துவிட்டு புதிதாக ஒரு படிப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு படிப்பு என்று இப்படித்தான் என் வண்டி ஓடியது. அமெரிக்காவில் யார் வந்தாலும் போனாலும் நான் வேலையில் இருப்பேன் என்பது எனக்கு ஒரு வீம்பு.

கடைசியாக நடந்த தேர்தலுக்குச் சில வாரம் முன்பு என் மேனேஜர் என்னைக் காபிக்குக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். காபிக்குக் கூப்பிடுகிறவரே இல்லை என்பதால் அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

"மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எலக்‌ஷன் ரிசல்ட் எப்படி வந்தாலும் க்ளையன்ட் வேலையை அங்கேயே எடுத்துக்கப் போறாங்க. முதல்ல அடிபடறது பழைய சிஸ்டம்தான். அதுக்கு முன்னாடி நீங்களே கவுரவமா ராஜினாமா பேப்பர் போட்டுட்டா நல்லது."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாததா. ஆனாலும் அன்றைக்குப் பயந்துவிட்டேன். நாற்பத்தேழு வயதில் வெளியே போனால் எந்தக் கம்பெனி கூப்பிட்டு உட்கார வைக்கும்? வீட்டில் நானும் அம்மாவும்தான், அடுப்பு எரிவது என் சம்பளத்தில். அதைவிடப் பெரிய பயம், இந்த வேலையை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது என்பது.

சாயங்காலம் மெட்ரோவில் வந்து இறங்கி, கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் புகுந்து புகுந்து வீடு வந்து சேர்ந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பிரசிடென்ட் எலக்‌ஷன் வருகிறது, முடிவு வந்ததும் என் வேலை போய்விடும் போலிருக்கிறது என்று இரண்டே வாக்கியம். எந்த நாட்டு பிரசிடென்ட் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் பிரசிடென்ட் என்றால் யூனியன் பிரசிடென்ட். அம்மா ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்தவர், அவருக்கு வேறு பிரசிடென்டே கிடையாது. மறுநாள் தண்ணி லாரி வந்து போவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "எம்பொண்ணு ஆபீஸ்ல பிரசிடென்ட் எலெக்சன். தோத்துட்டா வேலைக்கே வேட்டு வெச்சிருவாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற மாமா வந்து நின்றார். உறவில்லை, தெரு மாமா. எண்ணூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இருந்து ரிட்டையர் ஆனவர். யூனியன் பிரசிடென்டுக்கு இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியவர், ஆனால் தேர்தல் என்ற வார்த்தை காதில் விழுந்தால் சும்மா இருக்கமாட்டார்.

"இன்னாம்மா, சொல்லவே இல்ல? எந்தப் பேனல்ல நிக்கிற?"

"நான் எங்கேயும் நிக்கல மாமா."

"அப்ப உன் வேலைக்கு இன்னா ஆபத்து? கேட் மீட்டிங் எதுனா போடணுமா? நாலு பேர இட்டுகினு வரேன். அங்க கேட் கீதில்ல?"

கேட் இருக்கிறது, கூடவே கார்டு தேய்த்தால் திறக்கிற கண்ணாடிக் கதவும் காவலுக்கு ஆறு பேரும் இருக்கிறார்கள். அங்கே இவர் கொடியோடு வந்து நிற்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இது எங்கள் ஆபீஸ் தேர்தல் இல்லை, அமெரிக்கா தேர்தல் என்று விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்.

"அத வுடு. உன்ன எதிர்த்து நிக்கிறது யாரு?"

"யாருமில்ல மாமா. அமெரிக்காதான்."

"அமெரிக்காவுக்கு உன்னத் தெரியுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. புரியாத விஷயத்தில் எதற்கு மூக்கை நுழைக்கிறீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அம்மா என்னை முறைத்தார். "வூட்டுக்கு வந்தவன இப்டியா பேசுவ?" என்றார்.

ஆனால் திங்கட்கிழமை மெட்ரோவில் போகும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் கேட்டது என்னவோ தப்பான தேர்தலைப் பற்றி. இருந்தாலும் என்னை எதிர்த்து நிற்பது யார்? வேலையை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று க்ளையன்ட் என்னிடம் சொல்லவில்லை. மேனேஜர்தான் சொன்னார். அவருக்கு யார் சொன்னது? நான் ஏன் கேட்கவில்லை? டெலிவிஷனில் பார்த்தது, கேன்டீனில் கேட்டது, பழைய தேர்தல்களில் பட்ட சூடு எல்லாமாகச் சேர்ந்து, அவர் சொன்னதும் நம்பத் தயாராக இருந்திருக்கிறேன். வண்டி கடற்கரைப் பக்கத்தை விட்டு நகருக்குள் போவதற்குள் பயம் பாதி இறங்கி, அந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாராவாரம் ஒரு சாயங்காலம் க்ளையன்டோடு, அதாவது அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு, வீடியோவில் மீட்டிங் உண்டு. அந்தப் பக்கம் என்னைப் போலவே பழைய சிஸ்டத்தோடு காலம் தள்ளுகிற ஓர் அம்மாள். பல வருஷப் பழக்கம், முகம் பார்த்தது ஸ்கிரீனில்தான். மேனேஜரும் மீட்டிங்கில் இருந்தார். வேலை எல்லாம் பேசி முடித்த பிறகு நான் நேராகவே கேட்டேன். தேர்தலுக்குப் பிறகு இந்த வேலையை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறீர்களா, தெரிந்தால் அதற்கேற்ப நான் திட்டம் போட்டுக்கொள்வேன் என்றேன். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

அந்த அம்மாள் குழம்பிப்போனார். யார் சொன்னது, அப்படி ஒரு பேச்சே இல்லையே என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, யார் ஜெயித்தாலும் வீடு தீப்பிடிக்கும், கார் மோதும், கிளெய்ம் வரும், நீ உன் வேலையைப் பார் என்றார். தேர்தலால் தன் குடும்பத்தில்தான் பாதிப் பேர் பேசிக்கொள்வதில்லை என்றும் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஸ்கிரீனில் மேனேஜரின் சதுரத்தில் கேமரா அணைந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. என் இடத்தில் இரண்டு புதுப் பையன்களைப் போட்டுச் செலவைக் குறைப்பதாக மேனேஜர் மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமே ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள்.

சின்னக் கண்ணாடி அறை. உள்ளே ஹெச்.ஆர். பெண்ணும் மேனேஜரும். மேஜை நடுவில் ஒரு டிஷ்யூ டப்பா. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அழுவேன் என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள். ஹெச்.ஆர். பெண் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ராஜினாமா மெயில் தயாராக இருந்தது, நான் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அமெரிக்கா, தேர்தல் எதுவும் அதில் இல்லை. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்றால் முதலில் கேட்கிற கேள்வி, "தூக்கினாங்களா, எழுதிக் குடுத்தாரா?" இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தூக்கினார்கள் என்றால் தெரு கூட நிற்கும். எழுதிக் கொடுத்தார் என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. என் அப்பா ஃபிட்டராக இருந்த கம்பெனி நொடித்தபோது சொந்தக் காரணம் என்ற இதே வாக்கியத்தைத்தான் எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சாகும்வரை அவருக்காக ஒருவரும் பரிதாபப்படவில்லை. "அவராத்தானே எழுதிக் குடுத்தாரு" என்றார்கள்.

"என்ன சொந்தக் காரணம்?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம்."

"எலக்‌ஷன்னு சொன்னாங்களே?"

மேனேஜர் குறுக்கிட்டார். "எலக்‌ஷன் மட்டும் இல்ல மேடம். உங்க ஸ்கில்லும் கொஞ்சம் பழசு."

இந்தப் பதிலோடு காரணம் மூன்றாகிவிட்டது. இருபது வருஷமாக நான் என் ஊர்ப் பேச்சை ஆபீஸ் வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நேர்முகத் தேர்வுக்குப் போன முதல் நாளே யாரோ சிரித்தார்கள், அன்றிலிருந்து. அந்தக் கண்ணாடி அறையில் அது தானாக வெளியே வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

அந்த வடசென்னைப் பேச்சு அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்தது. நான் மேலே பேசினேன். "நான் எழுதிக் குடுக்க மாட்டேன். தூக்கறதா இருந்தா நீங்க தூக்குங்க. இன்னாத்துக்குத் தூக்கறீங்கன்னு நீங்க எழுதுங்க, உங்க கையெழுத்தப் போடுங்க."

யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார்கள். யோசித்துவிட்டேன் என்றேன். நீங்கள் சீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நீங்கள் மெயிலை அழியுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் அந்தப் பெண்தான் அழித்தாள். டிஷ்யூ ஒன்றை உருவி அவளே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் எழுதவில்லை. எழுத அவர்களிடம் காரணம் இல்லை. என்னிடமிருந்த டீம் லீட் என்ற பொறுப்பை மட்டும் பறித்து, நான் வேலை கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணுக்குக் கீழேயே என்னைப் போட்டார்கள். வலித்தது. காட்டிக்கொள்ளாமல் தினமும் போனேன். தேர்தல் முடிந்தது, ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். அந்த வாரமும் கிளெய்ம்கள் வந்தன. தெரு மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஜெயிச்சியா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றார். சொன்னேன்.

சில மாதம் கழித்து மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டு எதுவும் கையில் இல்லை. மேனேஜர்கள் செய்கிற வேலையில் பாதியை இனி ஏ.ஐ. செய்துவிடும் என்று அவருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். மூன்று மணிக்கு அந்தக் கண்ணாடி அறைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லமாட்டேன், எனக்குள்ளே ஓர் அற்ப சந்தோஷம் எழுந்தது. நன்றாக வேண்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"மேடம், அன்னைக்கு நீங்க எப்படி எழுதிக் கொடுக்காம இருந்தீங்க?"

என்ன சொல்வது? அவர் கையைப் பார்த்தேன். வாட்சை நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயம் எனக்குத் தெரியும். அற்ப சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"எழுந்திருக்கல. அவ்ளோதான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கதவு வரைக்கும் கூட வரீங்களா?"

டிபன் பாக்ஸை மூடினேன்.

"உள்ளேயே வரேன்," என்றேன். "கூடாதுன்னா அத அவங்க சொல்லட்டும்."