இமயமலையில் கிடைத்த லீவு

இன்னிக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல, எங்க ஃபேக்டரி மேனேஜருக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி. கண்ணுல, வேற உலகத்தையே நேர்ல காட்டுற விஆர் பெட்டியை மாட்டிவிட்டாங்க. உள்ளே இமயமலை, ஒரு ரிஷி, "கோபத்தை விடு"ன்னு உபதேசம்.

மனுஷன் ஷூவைக் கழட்டிட்டுச் சம்மணம் போட்டு உக்காந்துட்டார்.

நான் மெதுவா, "சார், வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு, லீவு வேணும்"னேன். நேத்து வரைக்கும் முடியாதுன்னவர்.

"தந்தேன் மகளே"ன்னு கையைத் தூக்கி ஆசீர்வாதமே பண்ணிட்டார்!

பெட்டியைக் கழட்டினதும், "யாரு உனக்கு லீவு குடுத்தது?"ன்னு கத்தினார்.

"ரிஷி சாட்சியா நீங்கதான் சார்."

பயிற்சி குடுக்க வந்தவர், "சார்... கோபம்"னு இழுத்தார்.

பல்லைக் கடிச்சுகினு, "சரி, போய்க்கோ"ன்னு மறுபடி பெட்டியை மாட்டிக்கினார்.

திரும்பிப் பார்க்கிறேன். எங்க லைன்ல வேலை செய்யுற கூட்டம் மொத்தமும் சேஃப்டி ஷூவைக் கழட்டி வச்சிட்டு, தரிசனத்துக்கு வரிசைல நிக்குது.

உங்க மேனேஜர் எப்போ மலையேறுறார்?