பராசக்தி பிடித்த மேகம்

வானம் கறுத்தால் பராசக்திக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு, அண்ணன் கொடுத்தனுப்பிய பெட்டிக் கமராவுடன் தோட்டத்தின் மேற்கே கிடந்த பெரிய ஏரிக்கு மேகத்தைப் படம் பிடிக்கப் போய்விடுவாள். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி மலாயாவின் கெடாவுக்கு வந்த புதிது. கணவர் செல்லப்பா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. கிராணி வீட்டுப் பெண், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துச் சனங்களோடு பழகுவது வழக்கமில்லை. பேச ஆளில்லாத பகல்கள் அவளைப் பிடுங்கித் தின்றன.

"கிராணியின்ர மனுசி மழைக்க நிண்டு வானம் பாக்குறா எண்டு சனம் கதைக்குது," என்றார் செல்லப்பா.

"கதைக்கட்டும். எனக்கு உள்ளுக்க இருக்க ஏலாது."

படங்கள்தான் ஏமாற்றின. ஏரியும் கரை மரங்களும் நன்றாக விழும். மேகம் இருந்த இடம் வெறும் வெள்ளையாக வரும். சுங்கைப் பட்டாணியில் படம் கழுவிக் கொடுக்கும் முகம்மது கவுஸ் ஒரு மஞ்சள் கண்ணாடித் துண்டை நீட்டினார்.

"இந்த பிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஒண்ணும்மா. இத லென்சுக்கு முன்னால வச்சுப் புடிங்க. வெளிச்சம் கம்மியாப் போவும், கமரா ஆடக் கூடாது."

அடுத்த புயல் மேகத்துக்காக அவள் தவித்தாள். ஒரு மாலை அது வந்தது. ஜெராய் மலையை மறைத்துக்கொண்டு, பாயைச் சுருட்டியதுபோல ஏரியின் மேல் தாழ உருண்டு வந்தது. கமராவை மரக்கட்டையில் வைத்து, மஞ்சள் கண்ணாடியை லென்சுக்கு முன்னால் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு படம் எடுத்தாள். இன்னும் கிட்ட வரட்டும் என்று காத்தபோதுதான் தோணி கண்ணில் பட்டது. லயத்தில் குடியிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இருளப்பனும் அவன் மனைவி பாப்பம்மாவும் மீன்வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேகத்துக்கு முதுகு காட்டி இருந்தார்கள்.

"காத்து வருகுது! வலையை விட்டிட்டு வாங்கோ!"

கத்தினாள். கமராவை எடுத்துக்கொண்டு கரையோரம் ஓடிக் கையை வீசினாள். இருளப்பன் திரும்பிப் பார்த்துத் துடுப்பை எடுத்தான். கரையை நெருங்கும்போது காற்று அறைந்தது, தோணி கவிழ்ந்தது. பராசக்தி கமராவைச் சேற்றில் போட்டுவிட்டு, இடுப்பளவு நீரில் இறங்கி பாப்பம்மாவின் கூந்தலைப் பற்றி இழுத்தாள். இருளப்பன் தோணியைப் பிடித்தபடி கரையேறினான்.

தேடி வந்த செல்லப்பா, நனைந்து நடுங்கிய மனைவியைப் பார்த்தார். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டார். "வீட்டை வா" என்று மட்டும் சொன்னார்.

கவுஸ் கமராவைத் துடைத்துச் சரிசெய்தார். பிலிமின் ஓரமெல்லாம் நீர்க்கறை. ஆனாலும் நடுவில் மேகம் இருந்தது, மடிப்பு மடிப்பாக. பராசக்தி அதை நெடுநேரம் பார்த்தாள். ஆறுதல் வரவில்லை. இன்னும் கிட்டத்தில் எடுத்திருக்கலாம்.

அதன் பிறகு வானம் இருட்டும் நாட்களில், லயத்திலிருந்து பாப்பம்மா கிராணி வீட்டு வாசலுக்கே வந்து நிற்பாள்.

"அம்மா, தெக்கால மேகம் கட்டுது. வாரீங்களா?"

பராசக்தி அதற்குள் படியிறங்கியிருப்பாள்.